சத்தம் போட்டு மன்னித்தது

தம்பி,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது கதவிடுக்கில் நீலமாகத் தெரிந்தது. நின்றபடி ஒரு தடவை படித்தேன். உட்கார்ந்து ஒரு தடவை. முதல் கல்யாண ஓலை திண்டிவனம் கோயிலில் வாசித்தாகிவிட்டது, இன்னும் இரண்டு ஞாயிறு இருக்கிறது, கிரேஸ் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம் என்று எழுதியிருந்தாய். அதுவரை எனக்கும் சந்தோஷம்தான். கடைசியில், இன்லேண்டை மடித்து ஒட்டுகிற ஓரத்தில், இடம் போதாமல் பொடி எழுத்தில் எழுதியிருந்தது வேறு. மூன்றாவது ஓலைக்கு முந்தின சனிக்கிழமை, ஆயத்த ஆராதனையில், எழுந்து நின்று சாட்சி சொல்லப் போகிறாயாம். ஒலக்கூர் சித்தப்பா உனக்குச் செய்ததைச் சபைக்கு முன்னால் சொல்லி, அவரை மன்னித்துவிட்டதாக அறிவிக்கப் போகிறாயாம். சுத்தமான மனதோடு கல்யாணத்துக்குள் போக வேண்டுமாம். 'நீ கற்றுக்கொடுத்ததுதான் அம்மா' என்று முடித்திருந்தாய்.

அந்த வரி.

அதற்காகத்தான் எழுதுகிறேன். இன்லேண்டில் அடங்காது என்று பள்ளி நோட்டிலிருந்து தாள் கிழித்திருக்கிறேன். எழுத்து கோணலாக இருக்கும். வலது கட்டைவிரல் வீங்கியிருக்கிறது. ஏன் என்பது பின்னால் வரும்.

சித்தப்பா செய்தது எனக்கும் மறக்கவில்லை. செஞ்சிப் பக்கத்துப் பெண் வீட்டார் உன்னைப் பிடித்துப்போய், நம் வழக்கப்படி உன்னைப் பற்றி விசாரிக்கக் கோயிலுக்கு வந்தார்கள். ஆராதனை முடிந்து வேப்பமரத்தடியில் நின்ற சித்தப்பாவிடம் கேட்டார்கள். சின்ன வயதில் உனக்கு வலிப்பு வந்ததை அவர் சொல்லிவிட்டார். அந்த வாரமே 'ஆண்டவருடைய சித்தம் வேறாக இருக்கிறது' என்று அவர்களிடமிருந்து கார்டு வந்தது. நீ இரண்டு மாதம் ஊருக்கே வரவில்லை. நானும் ஒலக்கூருக்குப் போவதை நிறுத்திக்கொண்டேன். இதெல்லாம் நடந்ததுதான். இல்லை என்று சொல்ல வரவில்லை.

நான் சொல்ல வந்தது வேறு ஒரு மன்னிப்பைப் பற்றி. அதற்கு நீ சாட்சி. உனக்குப் பதினைந்து வயது. திடப்படுத்தல் முடிந்து, திருவிருந்து எடுக்க ஆரம்பித்திருந்த புதிது. தலையில் எண்ணெய் வைத்து, நடு வகிடு எடுத்து, என்னைவிட உயரமாகிவிட்ட பெருமையில் முதுகை நிமிர்த்தி நடப்பாய். பெண்கள் ஜெபக்கூட்டத்துக்குக் கஞ்சிரா தட்ட ஆள் இல்லை என்று உன்னை அழைத்துப்போவேன்.

அப்போது நாம் திண்டிவனத்தில் இருந்தோம். அப்பாவுக்கு விழுப்புரம் ஜங்ஷனில் வேலை, அங்கேயே தங்கல். மின்சாரக் கம்பி முடிகிற ஊர் அது. மெட்ராஸிலிருந்து வருகிற வண்டி அங்கே வந்து நிற்கும். கரண்ட் எஞ்சினைக் கழற்றிவிட்டு வேறு எஞ்சின் மாட்டுவார்கள். கழற்றியதற்கும் மாட்டுவதற்கும் நடுவே கொஞ்ச நேரம், அந்த நீள வண்டி எஞ்சினே இல்லாமல் நிற்கும். உள்ளே இருக்கிறவர்களுக்கு அது தெரியாது. டீ குடித்துக்கொண்டிருப்பார்கள், குழந்தைக்கு விசிறிக்கொண்டிருப்பார்கள். அப்பா இரண்டுக்கும் நடுவில் குனிந்து இறங்கி நிற்பார். அவர் கை பட்ட பிறகுதான் வண்டிக்கு மறுபடி உயிர் வரும். நான் பிளாட்பாரத்து சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். கரி வாசனை. மஞ்சள் வெயில். அவர் நிமிர்ந்து, துணியில் கை துடைத்து, என்னைத் தேடுவார். நான் அங்கேதான் இருக்கிறேன் என்று தெரிந்ததும் தேடாதது போல வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

அது வெள்ளிக்கிழமைகளில். கடைசி வண்டியை மாட்டிவிட்டால் வெள்ளி மாலைதான் அவருக்கு ஓய்வு. மூன்று மணிக்கு மேல் திண்டிவனத்தில் ஒரு பாசஞ்சர் உண்டு. அதை விட்டால் ராத்திரி ஆகிவிடும். பள்ளிக்கூடம் நாலரைக்கு விடும். இந்தக் கணக்கு உனக்குப் புரிகிறதா? அப்போது நீ கேட்கவில்லை. அம்மா வெள்ளிக்கிழமை அப்பாவைப் பார்க்கப் போவாள் என்பது மட்டும் உனக்குத் தெரியும். சாயங்காலக் கையெழுத்தையும் மத்தியானமே ரிஜிஸ்டரில் போட்டுவிட்டு, மணி அடிக்கும் முன்பே பின்வாசல் வழியாகக் கிளம்பிவிடுவாள் என்பது தெரியாது.

அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் இருந்தது, அதனால் போனேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அப்படி ஒன்றும் இல்லை. பார்க்க வேண்டும் போல இருக்கும். போனேன்.

எஸ்தர் அக்காவை உனக்கு நினைவிருக்கும். எங்கள் பள்ளியில் இரண்டாம் வகுப்பு டீச்சர். என்னைவிட ஐந்து வயது பெரியவள். பள்ளியிலும் பக்கத்து வகுப்பு, கோயிலிலும் பக்கத்து இடம். என்னை 'வாடி, போடி' என்றுதான் கூப்பிடுவாள். பாட்டுப்புத்தகம் ஒன்றுதான் கொண்டுபோவோம், ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொள்வோம். அவள் உயரக் குரல் எடுத்தால் நான் கீழே போவேன்.

ஒரு நாள் பள்ளி மேனேஜர் என்னைக் கூப்பிட்டு ஒரு மொட்டைக் கடிதத்தைக் காட்டினார். என் பெயர், வெள்ளிக்கிழமை, மூன்று மணி, ரிஜிஸ்டர். எல்லாம் இருந்தது. கையெழுத்து இல்லை. எழுத்து இருந்தது. கரும்பலகையில் பிள்ளைகளுக்கு எழுதிப்போடுகிற குண்டு எழுத்து. மறைக்கக்கூட முயலவில்லை. பாட்டுப்புத்தகத்தில் என் பெயரை எழுதித் தந்ததும் அதே எழுத்துதான். மேனேஜர் அதிகம் பேசவில்லை. என்னை ஓமந்தூர் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கு மாற்றினார்கள். இரண்டு பஸ். காலையில் நீ எழும்பும் முன்பே கிளம்பிவிடுவேன். வெள்ளிக்கிழமைகள் போயின.

நான் எஸ்தர் அக்காவிடம் போகவில்லை. ஏன் எழுதினாய் என்று கேட்கவில்லை. அவள் வீடு நம் வீட்டிலிருந்து இரண்டு தெரு. ஆண்டவர் சொன்ன முறை எனக்குத் தெரியாததல்ல. ஞாயிறு பள்ளியில் நானே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது. ஒருவன் உனக்குத் தவறு செய்தால், முதலில் நீயும் அவனும் மட்டும். கேட்கவில்லை என்றால் இன்னும் ஒன்றிரண்டு பேர். அதற்கும் பிறகுதான் சபை. நான் கடைசிப் படியில் நேராகப் போய் ஏறி நின்றேன்.

அந்த ஞாயிறு மத்தியானம். பெண்கள் ஜெபக்கூட்டம், முறைப்படி எஸ்தர் அக்கா வீட்டில். ஓட்டு வீடு. கண்ணாடி ஓடு வழியாக வெயில் ஒரு கட்டமாகப் பாயில் விழுந்திருந்தது. பதினைந்து பெண்கள் இருப்போம். அடுப்படியில் மல்லாட்டை வெந்துகொண்டிருந்தது. நிலக்கடலையை ஓட்டோடு உப்புப் போட்டு வேகவைக்கிற அந்த வாசனை. நீ கதவோரம் கஞ்சிராவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். பாட்டு முடிந்தது. எல்லாரும் முழங்காலில் நின்றோம். ஒருவர் பின் ஒருவராகச் சத்தமாக ஜெபிப்பதுதானே வழக்கம். என் முறை வந்தது.

நான் ஜெபித்தேன். 'ஆண்டவரே, என் மேல் கடிதம் எழுதிய சகோதரியை நான் மன்னிக்கிறேன். கூட உட்கார்ந்து பாடிக்கொண்டே எழுதிய அந்தக் கையை நீர் ஆசீர்வதியும். அவளை வெட்கப்படுத்தாதேயும்.' குரல் உடைந்தது. உடைந்ததில் எனக்கே ஒரு இன்பம் இருந்தது. சுற்றிலும் தேம்பல் கேட்டது. யாரும் பெயர் கேட்கவில்லை. கேட்க வேண்டியும் இருக்கவில்லை.

ஜெபத்துக்கு ஒரு வசதி உண்டு தம்பி. குறுக்கே யாரும் பேச முடியாது. சண்டையில் ஒரு வார்த்தை சொன்னால் எதிரில் இருக்கிறவள் இரண்டு சொல்லலாம். ஜெபத்தில் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். முடிந்ததும் ஆமென் என்றும் சொல்ல வேண்டும்.

நடுவில் நான் கண் திறந்தேன். ஏன் என்று தெரியாது. சுற்றிலும் மூடிய முகங்கள். எஸ்தர் அக்காவின் கண் மட்டும் திறந்திருந்தது. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாக இல்லை. ரொம்ப தூரத்தில் போகிற பஸ்ஸைப் பார்ப்பது போல. நான் கண்ணை மூடிக்கொண்டு ஜெபத்தை முடித்தேன்.

எல்லாரும் ஆமென் சொன்னார்கள். எல்லாரையும்விடச் சத்தமாக ஒரு ஆமென் கதவுப் பக்கமிருந்து வந்தது. அது நீ.

எஸ்தர் அக்கா எழுந்து உள்ளே போய், தாம்பாளம் நிறைய மல்லாட்டை கொண்டுவந்து நடுவில் வைத்தாள். ஆவி பறந்தது. "எடுத்துக்கங்க" என்றாள். யாரும் கை நீட்டவில்லை. ஒருத்திக்குப் பல்வலி. ஒருத்தி, "ஜல்தியா போவணும், மாடு அவுத்து வுட்டுட்டு வந்துட்டேன்" என்று செருப்பைத் தேடினாள். வாசல்படியில் எஸ்தர் அக்கா என்னிடம், "ஜெபம் நல்லா இருந்துச்சிங்க டீச்சர்" என்றாள். அதுவரை அவள் வாயிலிருந்து நான் கேட்டறியாத 'ங்க' அது. தெருவில் மற்றவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "எம்மாம் பெரிய மனசு டீச்சர் உங்களுக்கு. நானா இருந்தா மயிரப் புடிச்சி இழுத்திருப்பேன்." நீ என் பக்கத்தில் நடந்து வந்தாய். என் முகத்தை அண்ணாந்து பார்க்கிற உயரம் தாண்டிவிட்டவன், அன்றைக்கு எப்படியோ அண்ணாந்துதான் பார்த்தாய்.

அந்தப் பார்வை எனக்குப் பிடித்திருந்தது.

அடுத்த வாரம் அப்பா நாலு நாள் லீவில் வந்தபோது அவரிடம் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன். அவர் கேப்பைக் களியை உருட்டிக்கொண்டே கேட்டார். முழுங்கினார். பிறகு, "நீ அந்தம்மாவ மன்னிச்சியா, மாட்டி வுட்டியா?" என்றார்.

"மன்னிச்சேன்னுதான் சொல்றேன் இல்ல."

"அதாண்டி கேக்கறேன். அந்தம்மா கிட்ட சொன்னியா, ஊருக்கு சொன்னியா?"

"ஆண்டவர் கிட்ட சொன்னேன்."

"அவருக்குக் காது நல்லாத்தான் கேக்குது. எதுக்கு அம்மாம் சத்தம்?"

நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே பேசினார். "வண்டிக்கு எஞ்சின் மாட்டணும்னா நடுவுல ஒருத்தன் எறங்கணும். பிளாட்பாரத்துல நின்னுக்கினு சேந்துக்கோ சேந்துக்கோன்னு கத்தினா சேராது. உள்ள குனிஞ்சா சட்டை கரியாவும், எவன் கண்ணுக்கும் தெரியாது. பேஜார் புடிச்ச வேல. ஆனா அப்பிடித்தான் சேரும்." சொல்லிவிட்டுச் சிரித்தார். பிரசங்கம் செய்துவிட்டோமே என்ற வெட்கச் சிரிப்பு. கோயிலில் எப்போதும் கடைசி வரிசையில் உட்கார்ந்து தூங்குகிறவர்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு திருவிருந்து. போதகர் ஐயர் அப்பத்தைப் பிட்டு உயர்த்துவார். நம் வரிசை எழும்பும். எஸ்தர் அக்கா எழும்ப மாட்டாள். மனஸ்தாபத்தோடு அந்த மேசைக்கு வரக்கூடாது என்பது சபையில் எல்லாருக்கும் தெரிந்த ஒழுங்கு. அவள் அதை எனக்காகக் கைக்கொண்டாள். நான் அவள் முழங்காலைத் தாண்டித்தான் பீடத்துக்குப் போக வேண்டும். அவள் காலை ஒதுக்கி வழி விடுவாள். நான் போய் முழங்காலிட்டு இரண்டு கையையும் நீட்டி வாங்கித் தின்றேன். எத்தனை முதல் ஞாயிறு என்று எண்ணவில்லை. பிறகு அந்த இடத்தில் பாட்டுப்புத்தகம் மட்டும் இருந்தது. பிறகு அதுவும் இல்லை. நாமும் அப்பாவோடு விழுப்புரத்துக்கு வந்துவிட்டோம்.

இப்போது உனக்குச் சொல்ல வேண்டியதில் மிச்சம் இருப்பது இதுதான். அந்தக் கடிதத்தில் இருந்தது அத்தனையும் உண்மை. சபையில் யாருக்கும் அது தெரியாது. என்மேல் வீண்பழி வந்தது என்றே நினைத்தார்கள். நீயும் அப்படித்தான் நினைத்தாய், இந்த நிமிஷம் வரை. நான் பொய் சொல்லவில்லை. மன்னிக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அந்த ஒரு சொல் மற்றதையெல்லாம் பார்த்துக்கொண்டது. மன்னிக்கிறவள் குற்றமில்லாதவளாகத்தானே இருக்க வேண்டும்.

எனக்கு ஒரு கனவு வரும். பல வருஷமாக ஒரே கனவு. பாய் விரித்திருக்கிறது. வெயில் கட்டம் பாயில். எல்லாரும் கண் மூடியிருக்கிறார்கள். நான் ஜெபித்துக்கொண்டே இருக்கிறேன், நிறுத்த முடியவில்லை. நிறுத்தினால் கண் திறப்பார்கள். அந்தப் பாய் மெல்ல நகர்கிறது. விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று ஒவ்வொரு ஸ்டேஷனாகப் போகிறது. எஞ்சின் இல்லை. எதிரே எஸ்தர் அக்கா தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு நிற்கிறாள். ஆவி பறக்கிறது. யாராவது ஒன்று எடுத்தால் போதும். யாரும் எடுக்கவில்லை. விழிக்கும்போது வாயில் உப்பு ருசி.

புதன்கிழமை உன் கடிதம். வியாழன், வெள்ளி பள்ளியில் என்ன நடத்தினேன் என்று நினைவில்லை. நேற்று, சனிக்கிழமை, காலை பாசஞ்சரில் திண்டிவனம் போனேன்.

ஜன்னலோரம் கிடைத்தது. முண்டியம்பாக்கத்தில் சர்க்கரை ஆலைப் பாகு வாசனை பெட்டிக்குள் வந்து, கொஞ்ச தூரம் கூடவே வந்து, இறங்கிக்கொண்டது. வெளியே பனைகள் நின்ற இடத்திலேயே நடந்துகொண்டிருந்தன. என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன். பார்க்கப் பார்க்க அது ஜெபம் மாதிரியே ஆயிற்று. நிறுத்திவிட்டேன். மயிலம் தாண்டி வண்டி காரணமில்லாமல் வெகுநேரம் நின்றது. யாரோ வயலில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். சத்தமே இல்லை. இந்த வண்டி இப்படியே நின்றுவிட்டால் நல்லது என்று நினைத்தேன். உடனே கிளம்பிவிட்டது.

அதே ஓட்டு வீடு. கதவு திறந்திருந்தது. எஸ்தர் அக்கா காலை நீட்டி உட்கார்ந்து, முறத்தைப் பக்கத்தில் வைத்து, விதைக்கு மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரை. நிமிர்ந்து பார்த்தாள்.

"வாங்க டீச்சர்."

நான் வாசலிலேயே நின்றேன். "அக்கா, அந்தக் கடுதாசில இருந்தது உண்ம. அத நான் அன்னைக்கி சொல்லல."

அவள் ஒரு காயை உடைத்தாள். "உண்மன்னு எனக்குத் தெரியாதா? எழுதினவளே நான்."

சிரிப்பு வந்துவிட்டது. எனக்குத்தான். அவள் சிரிக்கவில்லை.

"ஏங்கா எழுதின? என்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல?"

"நீ என்கிட்ட சொன்னியாடி?" என்றாள். கை நின்றுவிட்டது. "வெள்ளிக்கெழம மூணு மணிக்கி நீ பொடவ தலப்ப இழுத்து சொருவிக்கினு பின்னால போயிடுவ. ஒன் கிளாஸ் புள்ளைங்க நாப்பது. என் கிளாஸ் புள்ளைங்க நாப்பத்தஞ்சி. ரெண்டுத்தயும் மரத்தடியில உக்கார வெச்சி ஒருத்தியா கத்திக்கினு கெடந்தேன். ஒரு வருஷம். அக்கா, பாத்துக்கோன்னு ஒரு வார்த்த சொன்னியா? திங்கக்கெழம வந்தாவது கேட்டியா? ஒரு வெள்ளிக்கெழம ஒன் கிளாஸ் பையன் சுவரு ஏறி வியுந்து கைய ஒடச்சிக்கினான். என் புருஷன் அப்பதான் ஆஸ்பத்திரியில இருந்தாரு. நான் அவரப் பாக்கப் போவாம அந்தப் புள்ளய தூக்கிக்கினு ஓடினேன். நீ வுழுப்புரத்துல டீ குடிச்சிக்கினு இருந்த."

கை உடைந்த பையன் எனக்கு நினைவிருந்தான். கட்டுப் போட்ட கையோடு திங்கட்கிழமை வந்தான். எப்படி என்று கேட்டேன், விழுந்தேன் என்றான். போய் உட்கார் என்றேன். அவ்வளவுதான் நான் கேட்டது. அவன் விழுந்தபோது யார் ஓடினார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. எஸ்தர் அக்கா பக்கத்து வகுப்பில் இருக்கிறாள், அவள் பார்த்துக்கொள்வாள். காற்றும் வெளிச்சமும் மாதிரி அவள் இருந்தாள். யாரையும் கேட்காமல் எடுத்துக்கொள்கிற ஒன்று.

"மொட்டக் கடுதாசி எழுதினது தப்புதான்" என்றாள் அவளே. "வூட்டுக்கு வந்து நாலு அற வுட்டிருக்கணும். தைரியம் இல்ல. நீ படிச்சவ, பேசி ஜெயிச்சிடுவ. ஜெபத்துலயே ஜெயிச்சிட்ட பாரு."

நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவள் கையை உயர்த்தினாள். "அந்த வார்த்த மட்டும் இந்த வூட்டுக்குள்ள வாணாம். உக்காரு. உரி."

உட்கார்ந்தேன். உரித்தேன். விதைக்கு உரிக்கும்போது பருப்பு உடையக்கூடாது, தோல் கீறக்கூடாது. கட்டைவிரலால் நுனியில் அழுத்தினால் ஓடு பிளக்கும். முதல் அரை மணி அவள் என் பக்கம் பார்த்து, உடைந்ததையெல்லாம் பொறுக்கித் தனியே போட்டாள். "டீச்சர் வேலதான் லாயக்கு ஒனக்கு" என்றாள். பிறகு பார்க்கவில்லை. வெயில் கட்டம் தரையில் நகர்ந்து என் காலுக்கு வந்தது. அப்பா போனதைப் பற்றிக் கேட்டாள். சொன்னேன். அவள் புருஷன் போனதைப் பற்றி நான் கேட்டேன். சொன்னாள். உடைந்த பருப்பு ஒரு கைப்பிடி சேர்ந்ததும் என் பக்கம் தள்ளினாள். தின்றேன். பச்சையாகத்தான்.

ஒப்புரவாகிவிட்டோமா என்று கேட்காதே. தெரியாது. கிளம்பும்போது, "இன்னும் ஒரு மூட்ட இருக்குது" என்றாள். அடுத்த சனிக்கிழமை போவேன்.

இப்போது சித்தப்பா. நீ ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். உனக்கு வலிப்பு வந்தது நான்கு வயதில், காய்ச்சலில், ஒலக்கூரில். அப்பா டியூட்டியில் இருந்தார். நான் அலறிக்கொண்டு நின்றேன், ஒன்றும் செய்யத் தோன்றவில்லை. உன் பல் கிட்டிவிட்டது. சித்தப்பா ஓடிவந்து, நாக்கைக் கடித்துக்கொள்ளப் போகிறாய் என்று, தன் விரலை உன் பல்லுக்கு நடுவில் கொடுத்தார். அப்படிச் செய்யக்கூடாது என்று டாக்டர் பிறகு சொன்னார். அவருக்கு அப்போது தெரியாது, எங்களுக்கும் தெரியாது. உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ரோடு வரை ஓடினார். ரத்தம் உன் சட்டையில் இருந்தது. உன்னுடையது என்று நான் நினைத்தேன். அவருடையது. இதை உனக்கு நாங்கள் சொன்னதே இல்லை. வலிப்பு என்ற சொல்லே வீட்டில் வேண்டாம் என்று நான்தான் எல்லார் வாயையும் அடைத்தேன்.

அவர் அந்தப் பெண் வீட்டாரிடம் என்ன சொன்னார்? பொறாமையில் சொன்னாரா, தான் காப்பாற்றிய கதை என்று பெருமையில் சொன்னாரா? எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. அவர் சொன்னதாக அவர்கள் சொன்னதை நாம் கேட்டோம். அவரைக் கேட்கவில்லை. ஒருவேளை பொறாமைதானோ என்னவோ. அவருக்குப் பிள்ளை இல்லை, உனக்கு நல்ல வேலை. மனிதர்கள்தானே. அப்படியே இருந்தாலும் போ. தவறே செய்யாதவரிடம் போவதற்கு யாருக்கும் ஆண்டவர் சொல்லித்தர வேண்டியதில்லை.

சனிக்கிழமை ஆயத்த ஆராதனை மாலை ஆறு மணிக்கு. அன்று காலையிலேயே மெட்ராஸிலிருந்து வா. திண்டிவனத்தில் இறங்காதே, அதற்கு முன்னால் ஒலக்கூரில் இறங்கிவிடு. கிரேஸை அழைத்துப்போகாதே. ஐயரை அழைத்துப்போகாதே. அழைப்பிதழ்கூட வேண்டாம், அதைப் பின்னால் கொடுக்கலாம். வெறுங்கையோடு போ. மன்னித்துவிட்டேன் என்று சொல்லாதே. அவர் வலது கை ஆள்காட்டி விரலைக் காட்டச் சொல். நடுக்கணுவில் இரண்டு பக்கமும் தழும்பு இருக்கும். உன் பால்பல். அதைப் பார்த்த பிறகு வாயில் என்ன வருகிறதோ அதைச் சொல். கோபம் வந்தால் கோபம். உன் கோபத்தை அவர் முகத்துக்கு நேரே கேட்க அவருக்கு உரிமை இருக்கிறது. கோயில் மைக்கில் கேட்கத் தேவையில்லை. அவர் கத்தினால் நீயும் உட்கார்ந்து கேள். அவர் பேசாவிட்டால் அவர் செய்துகொண்டிருக்கிற வேலையில் பாதியை வாங்கிச் செய்.

மாலையில் ஆராதனைக்கு வந்தால், பேசாமல் உட்கார். நான் ஐந்தாவது வரிசையில் இருப்பேன். எஸ்தர் அக்கா வருவாளா என்று தெரியாது. கேட்கவில்லை. பக்கத்தில் இடம் விட்டு உட்காருவேன்.

ஒலக்கூரில் என்ன நடந்தது என்று எனக்கு எழுதாதே. நேரிலும் சொல்லாதே. என்னைப் பற்றி எனக்குத் தெரியும். கேட்டால் திங்கட்கிழமைக்குள் அது கூட்டத்தில் சொல்கிற ஜெபக்குறிப்பாகிவிடும்.

அம்மா